தும்பிச் சிறகில் ஒட்டிய பஞ்சு

சட்டம் இருந்தது. சட்டத்துக்குள் இருக்க வேண்டியது இல்லை.

2008, மாசி மாதம். டயகமப் பக்கம் வெதர்லீ தோட்டம். பெயர்ப்பலகையில்தான் வெதர்லீ, சனங்களுக்கு அது நரிப்பள்ளம். காலை ஆறே முக்காலுக்குக் கலாநிதி இராசரத்தினம் தன் ஆய்வுகூடத்துக்கு வந்தார். தேயிலைத் தொழிற்சாலைக்குள், தூள் சலிக்கும் மண்டபத்தை ஒட்டியிருந்த பழைய களஞ்சிய அறைதான் அந்த ஆய்வுகூடம். கழுத்தில் கம்பளி மஃப்ளர், கையில் திறப்பு. இரும்பு அலுமாரியைத் திறந்தார். வெறும் அலுமினியச் சட்டத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கூட்டிப் பெருக்க வந்த அம்மாக்கண்ணு விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சின்னதொரையைக் கூப்பிட ஓடினாள். சின்னதொரை, அதாவது தோட்டத்தின் உதவி மனேஜர், லக்ஸ்மன் கொழும்புத் தமிழர். வயது முப்பது, கோபம் அறுபது. வந்த வேகத்தில் தொழிற்சாலை வாசலைப் பூட்டச் சொன்னார், பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். பிறகு, இரவு முழுக்க ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த உதவியாளன் தேனுஜனின் கொலரைப் பிடித்து இழுத்து, வாசல் காவல் வாட்சரின் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார். தேனுஜன் யாழ்ப்பாணத்துப் பையன். போர் உச்சத்தில் இருந்த அந்த வருடத்தில், அந்த மலையில், களவுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை.

களவு போனது ஒரு தாள். அப்பியாசக் கொப்பியின் விரித்த பக்கம் அளவு. தேயிலைத் தூளிலிருந்து கழித்து வீசும் நாரைக் கண்ணுக்கே தெரியாத இழையாகும்வரை அரைத்து, பரப்பிக் காயவைத்து, இழைகளின் இடைவெளியைத் தெளிந்த பிசினால் நிரப்பிச் செய்தது. வடை சுற்றிய காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் வெளிச்சம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே சங்கதிதான், ஆனால் கண்ணாடிக்குச் சமமான தெளிவு. மடித்தாலும் உடையாது. தும்பியின் சிறகில் மெல்லிய நார்கள் சவ்வைத் தாங்குவதைப் பார்த்துப் பிறந்த யோசனை என்பதால் அதற்குத் தும்பி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அதன் மேல் மின்கம்பிகளை அச்சடித்தால் சுருட்டி வைக்கக்கூடிய திரை செய்யலாம் என்று கணக்கு. பிளாஸ்டிக்கில் செய்தால் என்ன? சூடு பட்டால் பிளாஸ்டிக் நெளியும், மேலே அச்சடித்த கம்பி அறும். தும்பி சூட்டுக்கு அசையாது. அதற்குத்தான் அத்தனை மதிப்பு. இரண்டு வருடமாகச் செய்த தாள்களெல்லாம் பால் போல மங்கிப்போக, தெளிவாக வந்தது அந்த ஒன்று மட்டும். அன்று பிற்பகல் ஜப்பானிலிருந்து இரண்டு பேர் கருவிகளோடு வந்து அதைச் சோதிப்பதாக ஏற்பாடு.

சப் இன்ஸ்பெக்டர் சிவசாமி வந்தபோது மணி எட்டு. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

இந்த மனிதரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இன்னொரு தோட்டத்தின் தொழிலாளர் வரிசைவீட்டில், லயத்தில், பிறந்தவர். தாய் தூள் சலிக்கும் மண்டபத்தில் வேலை செய்தவள். காக்கி போட்ட நாளிலிருந்து லயத்துச் சனங்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். பொலிஸ் நிலையத்தில் அவரோடு வேலை செய்த சிங்களவர்கள் அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு சோறு தின்றார்கள். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்களுக்கோ அவர் ஒரு தோட்டக்காட்டான். ஆக, அவரை வெறுப்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒற்றுமை. அவரும் யாரையும் கொஞ்சவில்லை.

லக்ஸ்மன் முகத்துக்கு நேரே சொன்னார், தான் பெரிய அதிகாரியை அனுப்பச் சொன்னதாகவும், வந்திருப்பது இது என்றும். சிவசாமி கேட்டுக்கொண்டார். அவருடைய மேலதிகாரி கிளம்பும்போதே கட்டளையைச் சொல்லி அனுப்பியிருந்தார்: தேனுஜனின் அறையில் கம்பி, பட்டரி, சின்னச் சின்னத் திரைகள் அகப்பட்டதாகத் தோட்டத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள், பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் கொழும்பு வண்டி இரண்டு மணிக்கு வரும், பையனை ஏற்றிவிட வேண்டும். கம்பியும் பட்டரியும் அவனுடைய வேலைச் சாமான்கள் என்பது அந்த வண்டிக்காரர்களுக்குப் புரியவைக்கக்கூடிய விஷயமில்லை. அந்த வண்டியில் ஏறியவர்களைத் தேடி அவர்களுடைய தாய்மார் முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்த காலம் அது.

இரண்டு மணிக்குள் தும்பி எங்கே என்று தெரிய வேண்டும். அல்லது பையன் போவான்.

சிவசாமி முதலில் அலுமாரியைப் பார்த்தார். பூட்டில் கீறல் இல்லை. திறப்புகள் மூன்று. ஒன்று கலாநிதியிடம், ஒன்று தேனுஜனிடம், ஒன்று தொழிற்சாலைக் கந்தோரில் லக்ஸ்மனின் மேசைக்குள். அடுத்து வாசல். அந்தத் தொழிற்சாலை ஓடும் நாளெல்லாம், வெளியே போகிற எவரும் வாட்சர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தூள் களவு போகக்கூடாது என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் வந்த வழக்கம், கலாநிதிக்கும் விலக்கில்லை. அது கலாநிதிக்குப் பெரிய மானப் பிரச்சினை. இரவு வேலைக்காரர்களையும் தடவிப் பார்த்துத்தான் விட்டேன், இடுப்பில் காகிதம் இருந்தால் சரசரக்குமே, ஒன்றுமில்லை என்று வாட்சர் சத்தியம் செய்தார்.

அப்படியானால் அந்தத் தாள் உள்ளேதான் இருக்கிறது. இல்லாவிட்டால் எப்போதோ போய்விட்டது. சிவசாமி இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டார்.

ஆய்வுகூடத்துக்கும் தூள் சலிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, சுவரின் பாதிக்கு ஒரு பெரிய ஜன்னல். சின்னச் சின்னக் கண்ணாடிகளாக மரச்சட்டத்தில் பொருத்திய பழைய காலத்து ஜன்னல். அதற்கு மேலே பலகை இடுக்கு. தூள் பறந்து வரும் வழி. லக்ஸ்மன் அந்த ஜன்னலைப் பார்த்ததும் அம்மாக்கண்ணுவின் மேல் பாய்ந்தார். ஜப்பான்காரர்கள் வருகிற நாளில் கண்ணாடியில் இவ்வளவு அழுக்கா, இதற்குத்தான் சம்பளமா என்று. எல்லாக் கண்ணாடியையும் நேற்று அந்தி நேரம்தான் துடைத்ததாக அவள் சொன்னாள். லக்ஸ்மன் ஒரு கண்ணாடியை விரலால் சுட்டிக்காட்டினார். மற்றவை பளிச்சென்று இருக்க, அது மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. அவள் முணுமுணுத்தபடி துணியை எடுத்தாள்.

“பொலிஸ் வேலை முடியுமட்டும் ஒண்டிலயும் கை வைக்க வேண்டாம்” என்றார் இராசரத்தினம், தரையிலிருந்தபடியே. நியாயமான பேச்சு. அம்மாக்கண்ணு துணியை மடித்து வைத்தாள்.

விசாரணை லக்ஸ்மனிடம் தொடங்கியது. தன்னையே விசாரிப்பதா என்று அவர் குதித்தார். மூன்றாவது திறப்பு உங்களுடையது என்றார் சிவசாமி. லக்ஸ்மன் அடங்கவில்லை, ஆனால் பேசினார். கொம்பனி இந்தக் கண்ணாடித் தாளுக்காகப் பணத்தைக் கொட்டியது. தனக்கு ஒரு புது டிரையர் வாங்கித் தர மட்டும் வழியில்லை. பணிப்பாளர்கள் கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் இந்தக் கிழவரின் வித்தையைத்தான் வாயைப் பிளந்து பார்த்தார்கள். என்ன வித்தை என்று சிவசாமி கேட்டார்.

தாளைச் சட்டத்திலிருந்து கழற்றி, தூள் காயவைக்கும் டிரையரின் கொதிக்கிற தகரத்தின் மேல் விரித்துப் போடுவாராம். அது அசையாமல் கிடக்குமாம். பக்கத்தில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் தாளைப் போடுவாராம்; அது சுருண்டுகொள்ளுமாம். எல்லோரும் கை தட்டுவார்களாம். மார்கழிக் கடைசியில் வந்தபோதும் தட்டினார்களாம்.

“ஆனா போன முறை அதைக்கூடக் காட்டேல. தைப்பூசத்துக்கு அடுத்த கிழமை சேர்மனே வந்தார். இவர் தாளைக் கையில எடுத்து வளைச்சுக் காட்டிட்டு, காய்ச்சல் எண்டு சொல்லிப் போய்ட்டார். டிரையர் பக்கமே வரேல. சேர்மன் என்னைத்தான் ஏசினார்.”

லக்ஸ்மனுக்கு அது ஒரு மனக்குறை. சிவசாமி அதைத் திரும்பவும் ஒரு தடவை சொல்ல வைத்தார்.

அடுத்து கலாநிதி. அறுபது வயது, நரைத்த தலை, நல்ல படிப்பு, அதைவிட நல்ல பேச்சு. கண் கலங்கியபடி சொன்னார். தேனுஜனைத் தானே தேடிப் பிடித்து இங்கே கொண்டுவந்ததாகவும், பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்ததாகவும்.

“அவன் எடுத்திருப்பான் எண்டு என்ர வாயால சொல்லமாட்டன். ஆனா இரவு முழுக்க இதுக்குள்ள தனிய நிண்டவன் அவன். திறப்பும் அவனிட்ட இருந்தது. அதை நான் மறைக்கேலாது.”

சொல்லமாட்டேன் என்று சொல்லியே ஒருவனைக் குழியில் தள்ளுவது ஒரு கலை. படித்தவர்களுக்கு அது நன்றாக வரும். சிவசாமி எழுதிக்கொள்ளவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

தேனுஜன் வாட்சரின் அறையில் சாக்குக் குவியலின் மேல் இருந்தான். சிவசாமியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குக் காரணம் இருந்தது. பொங்கல் சமயத்தில் டவுனில் பஸ் ஏறப் போனவனைச் சோதனையில் பிடித்துப் பொலிஸ் கூண்டில் அடைத்திருந்தார்கள். ஒரு கிழமை. கேள்வியும் இல்லை, வழக்கும் இல்லை, ஒரு வரி பதிவும் இல்லை. அந்தக் கூண்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவசாமி.

“நீங்கள்தானே என்னை அடைச்சு வைச்சிருந்தனீங்கள். இப்ப என்னத்துக்குக் கேள்வி? கொண்டு போறதெண்டால் கொண்டு போங்கோ.”

“ரெண்டு மணிக்கு அவங்க கொண்டு போவாங்க. நான் கேக்குறதுக்கு அதுக்குள்ள பதில் சொல்லுங்க” என்றார் சிவசாமி.

பையன் சொன்னது கொஞ்சம்தான். நேற்றிரவு அரைக்கும் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. விடிகிற நேரம் முகம் கழுவப் போனான். திரும்பி வரும்போது சேர், கலாநிதியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், அலுமாரி முன்னால் தரையில் இருந்தார். கடைசியாகத் தும்பியைத் தொட்டது எப்போது? பொங்கலுக்கு முன்னால். கூண்டிலிருந்து வந்த பிறகு, பொலிஸ் கண் வைத்திருக்கிற ஆள் தும்பியைத் தொட்டால் கொம்பனி சந்தேகப்படும், கொஞ்ச நாளைக்கு அரைக்கிற வேலையைப் பார் என்று சேர் சொல்லியிருந்தார். திறப்பை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

சேரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசக்கூடாது என்று அவனே எச்சரித்தான். அவன் கூண்டில் கிடந்தபோது கொழும்புக்குப் போய், பெரிய இடங்களில் கெஞ்சி, அவனை வெளியே எடுத்தவர் சேர். அதற்கு நன்றியாகத்தான் நாரைப் பிசினோடு சேர்க்கும் பக்குவத்தை, தானே கண்டுபிடித்த பக்குவத்தை, சேரின் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டான். சிவசாமி அதைக் கேட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லாமல் எழுந்து போனார்.

மணி பன்னிரண்டு. அம்மாக்கண்ணு மட்டும் பாக்கி. அவள் பயத்தில் பாதி, எரிச்சலில் பாதியாக நின்றாள். அந்தத் தாளைத் துடைத்தது நீதானே என்று கேட்டதும் பொரிந்து தள்ளினாள். விசிட்டர்கள் வருகிற நாளில் மட்டும் ஐயா சட்டத்தை வெளியே எடுத்துக் கொடுப்பார், அவள் மெல்லிய துணியால் துடைப்பாள். அதிலேயும் ஏச்சு வாங்கினாளாம்.

“முந்தியெல்லாம் ஒரு தடவ தொடச்சா கம்முன்னு கெடக்கும்ங்க, காகிதம் மாதிரி. பொங்கலுக்குப் பொறகு தொடைக்கத் தொடைக்க தூள்பஞ்சு வந்து ஒட்டுது. ஊதினாலும் போவல. அழுக்குத் துணியில தொடைக்கிறியானு ஐயா ஏசுறாரு. துணி சுத்தமாத்தாங்க இருந்துச்சு.”

“பொங்கலுக்கு முன்ன ஒட்டலயா?”

“ஒட்டவே இல்லீங்க.”

சிவசாமி தூள் சலிக்கும் மண்டபத்துக்குள் போய் நின்றார். வாசல் பூட்டியிருந்தாலும் வேலை நிற்கவில்லை. காய்ந்த தூள் காத்திருக்காது. பெண்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நடுவில் நார் பிடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிளாஸ்டிக் உருளைகள் கம்பளித் துண்டில் உரசிச் சுற்றும். அப்படி உரசிய உருளை, கீழே ஓடும் தூளில் இருந்து நாரையும் பஞ்சையும் இழுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். தூள் சுத்தமாகிப் போகும். அவர் பிறந்ததிலிருந்து பார்த்த இயந்திரம். வீட்டுக்கு வரும் தாயின் தலையிலும் புருவத்திலும் அந்தப் பஞ்சு நரை போல ஒட்டியிருக்கும்.

அங்கிருந்தபடி ஜன்னலைப் பார்த்தார். சாம்பல் பூத்த அந்த ஒற்றைக் கண்ணாடி இந்தப் பக்கமிருந்தும் தெரிந்தது. காலையில் பார்த்ததைவிட இப்போது இன்னும் தடித்திருந்தது.

ஒன்றரை மணிக்கு எல்லோரையும் ஆய்வுகூடத்துக்கு வரச் சொன்னார். தேனுஜனையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். லக்ஸ்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜப்பான்காரர்கள் தலவாக்கலையைத் தாண்டிவிட்டார்கள் என்று தகவல் வந்திருந்தது.

சிவசாமி இராசரத்தினத்திடம் மஃப்ளரைக் கேட்டார். அவர் தயங்கிக் கழற்றிக் கொடுத்தார். சிவசாமி முதலில் ஒரு சுத்தமான ஜன்னல் கண்ணாடியை அதனால் தேய்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து அந்தச் சாம்பல் கண்ணாடியைத் தேய்த்தார். இருந்த பஞ்சு போய்ப் பளிச்சென்றது. மேசையில் படிந்திருந்த தூள்பஞ்சை ஒரு கை அள்ளி அதன் முன்னால் உதறினார். பஞ்சு பறந்து போய் அந்தக் கண்ணாடியில் மட்டும் அப்பிக்கொண்டது.

பிறகு நகத்தை மரச்சட்டத்தின் இடுக்கில் விட்டு மெல்ல உரித்தார். கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது போலிருந்தது. அவர் கையில் ஒரு தாள் தொங்கியது, தெளிவாக, வளைந்தபடி.

லக்ஸ்மன் மூச்சை விட்டார். “அப்ப கிடைச்சிட்டுது. இவன்தான் இதில ஒட்டி வைச்சிருக்கிறான்.”

“வாங்க, டிரையர்ல போட்டுப் பாப்போம்” என்றார் சிவசாமி.

கொதிக்கும் தகரத்தின் மேல் விரித்ததும் தாள் நெளிந்தது. ஓரங்கள் எழும்பி உள்ளே சுருண்டன. தேனுஜன் அதுவரை யாரையும் பார்க்காமல் நின்றவன், இரண்டு எட்டு முன்னால் வந்து குனிந்து பார்த்தான்.

“இது தும்பி இல்லை” என்றான். “இது கடையில வாங்கிற பிளாஸ்டிக்.”

சிவசாமி தூள் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். இவ்வளவு நேரமும் யாரும் உட்காரச் சொல்லாததால் அவரே உட்கார்ந்துகொண்டார். பிறகு சொன்னார்.

நேற்று களவு போனது இந்தப் பிளாஸ்டிக். அசல் தும்பி, வாசல் சோதனை இல்லாத பொங்கல் விடுமுறையோடு போய்விட்டது. பஞ்சு அதைக் காட்டிக்கொடுத்தது. தும்பியில் பாதிக்கு மேல் நார், காகித இனம். எவ்வளவு துடைத்தாலும் பஞ்சை இழுக்காது. பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் நார் பிடிக்கும் உருளை மாதிரி இழுக்கும். பொங்கலுக்கு முன் ஒட்டாத பஞ்சு பொங்கலுக்குப் பின் ஒட்டியது என்றால், நடுவில் யாரோ தாளை மாற்றியிருக்கிறார்கள். இன்று ஜப்பான்காரர்கள் கருவி வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் அவர்கள் வருவதற்குள் பிளாஸ்டிக்கும் காணாமல் போக வேண்டியதாயிற்று. வாசலில் தடவிப் பார்ப்பார்கள், வெளியே கொண்டுபோக முடியாது. தெளிவான தாளைக் கண்ணாடியில் ஒட்டினால் யாருக்கும் தெரியாது என்று எடுத்தவர் நினைத்தார். நேற்று அந்தி கண்ணாடிகளைத் துடைத்த பிறகு, தேனுஜன் இரவு வேலைக்கு வருமுன் அதை ஒட்டினார். அது நிற்கட்டும் என்று கம்பளியால் அழுத்தித் தேய்த்தும் விட்டார். தூள் சலிக்கிற இடத்தில் அதை மட்டும் செய்யக்கூடாது.

“அப்ப மாத்தினது யார்?” என்றார் லக்ஸ்மன். குரல் இறங்கியிருந்தது. மூன்றாவது திறப்பு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“நீங்க மாத்தியிருக்கலாம். எங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கலாம். ஒருத்தர ஏமாத்த முடியாது. பூசத்துக்குப் பொறகு சேர்மன் முன்னாடி அந்தத் தாளக் கையில எடுத்து வளைச்சுக் காட்டினவரு. எப்பவும் சூட்டுல போட்டுக் காட்டுறவரு, அன்னைக்கு மட்டும் டிரையர் பக்கமே போகாதவரு. காய்ச்சல்னு சொல்லிட்டுப் போனவரு.”

எல்லோரும் இராசரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் மஃப்ளரைத் திரும்பக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். தனக்குக் கண் மங்கல் என்றும், கையில் எடுத்தது பிளாஸ்டிக் என்று கவனிக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு, மாற்றுவதற்குத் திறப்பு வேண்டும், அது தேனுஜனிடமும் இருந்தது என்று நினைவூட்டினார்.

“பொங்கல் கிழமை பூரா அந்தத் திறப்பும் தம்பியும் எங்க கூண்டுலதான் இருந்தாங்க” என்றார் சிவசாமி.

இராசரத்தினம் சிரித்தார். அன்று முழுவதிலும் அவர் செய்த உண்மையான காரியம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

“அதுக்கு உங்களிட்டப் பதிவு இருக்கோ?”

பதிவு இல்லை என்பது அவருக்குத் தெரியும். அடைத்து வைத்ததே பதிவில்லாமல்தான். அப்படி ஒருவன் அங்கே இருந்தான் என்று வெளியே சொல்லும் பொலிஸ்காரன் நாளைக்கு வேலையில் இருக்கமாட்டான் என்பதும் தெரியும்.

“பதிவு இல்லீங்க. நான் இருக்கேன்” என்றார் சிவசாமி. “வர்ற வண்டிக்காரங்ககிட்டயும் சொல்லுவேன். கோர்ட்டுலயும் சொல்லுவேன்.”

பிறகு சிவசாமி கடைசிக் கேள்வியைக் கேட்டார். பொங்கலுக்குக் கொழும்புக்குப் போனீர்களே, தாளை யாரிடம் கொடுத்தீர்கள்?

கலாநிதி நிமிர்ந்தார். ஒளிக்க முடியாது என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. ஒருவகையில் அதுதான் அவருடைய இயல்பான முகம். சிங்கப்பூர் கொம்பனியின் ஆளிடம் கொடுத்ததாகச் சொன்னார். இங்கே கிடந்தால் இந்தத் தோட்டக்காரர்கள் பாதியை எழுதி வாங்கிக்கொள்வார்கள், தன் பெயர் மூலையில் கிடக்கும் என்றார். தேனுஜனைப் பார்க்காமலே சொன்னார்:

“என்ர பேரில போனால்தான் அது உலகத்துக்குப் போகும். இவன்ர பேரை ஆர் கேக்கப்போறாங்கள்?”

தேனுஜன் அவருக்கு எதிரே வந்து நின்றான். அடித்துவிடுவான் என்று லக்ஸ்மன் நினைத்து விலகினார். பையன் அடிக்கவில்லை.

“நீங்கள் அண்டைக்குக் கொழும்புக்குப் போனது எனக்காக இல்லையோ, சேர்?”

இராசரத்தினம் மஃப்ளரை இழுத்து இறுக்கிக்கொண்டார். பையன் சிவசாமியின் பக்கம் திரும்பினான். அன்று முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்.

“அப்ப என்னை வெளியில விடச் சொன்னது ஆர்?”

காலையில் சொல்லாமல் விழுங்கியதைச் சிவசாமி இப்போது சொல்ல வேண்டியதாயிற்று.

“யாரும் சொல்லல தம்பி. கூண்டுல எடம் பத்தல. வேற ஆளுங்களக் கொண்டாந்துட்டாங்க. அதான் விட்டோம்.”

கொழும்பு வண்டி இரண்டு மணிக்குச் சரியாக வந்தது. சிவசாமி வாசலுக்குப் போய் அவர்களிடம் பேசினார். களவு செய்தவர் பிடிபட்டுவிட்டார், அது இந்த நிலையத்து வழக்கு. பையனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏன் இல்லை என்பதற்கு நானே சாட்சி. பதிவில்லாமல் அடைத்து வைத்ததையும் சேர்த்தே சொன்னார். வண்டியில் இருந்தவர் அவருடைய பெயரையும் இலக்கத்தையும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். அது பாராட்டுவதற்காக இல்லை. வண்டி யாரையும் ஏற்றாமல் திரும்பியது.

இராசரத்தினத்தை ஜீப்பில் ஏற்றும்போது, தன்னைத் தோட்டத்துச் சனங்கள் பார்க்காதபடி பின்வழியால் கொண்டுபோகும்படி அவர் கேட்டார். சிவசாமி முன்வழியால் கொண்டுபோனார்.

லக்ஸ்மன் தேனுஜனிடம் வந்து, ஜப்பான்காரர்கள் இப்போது வந்துவிடுவார்கள், பக்குவம் உனக்குத் தெரியுமல்லவா, இன்னொன்று செய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். கொலரைப் பிடித்த அதே கையைத் தோளில் போட வந்தார். தேனுஜன் விலகி, தன் பையில் இரண்டு சட்டையையும் ஒரு துவாயையும் வைத்துக்கொண்டு நடந்தான்.

வாசலில் வாட்சர் நின்றிருந்தார். கையைத் தூக்கச் சொன்னார். தேனுஜன் தூக்கினான். வாட்சர் இடுப்பைத் தடவினார், பையைத் திறந்து பார்த்தார், சட்டைகளை உதறினார். ஒன்றுமில்லை, போ என்றார்.